இளவேனிலும் ஏடும்

வசந்தம் என்றதும் பனி உருகுதலையும் புதுத்தளிர் அரும்புதலையும் எழுதும் வழக்கம் எம் மாணவரிடையே இன்றும் உண்டு. ஆங்கிலப் பாடநூல்வழி வந்த இவ்வசந்தத்தில், நூலொன்றை ஏந்தி மரநிழலில் தனித்திருத்தலே சிறந்த பொழுதுபோக்காகக் கொள்ளப்படுகின்றது. வவுனியாவில் உருகுவதற்குப் பனி இல்லை. காலபோக அறுவடை முடிந்து, களம் ஒழிந்து, குளத்து நீர் கரையைவிட்டு விலகும் வேளையிலேயே எமக்கு இளவேனில் பிறக்கின்றது. வேம்பு பூக்கும், கொன்றை மலரும், வைகாசி முதிரக் காட்டிலே பாலை பழுக்கும். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என வகுத்த பழந்தமிழ் மரபு இம்மண்ணுக்குப் பொருந்தி நிற்கின்றது. அவ்வாறாயின், இப்பருவத்துக்குரிய வாசிப்பு யாது?

விடை தேடுவார்க்குச் சிலப்பதிகாரத்து வேனிற்காதை முதற்கண் துணைபுரியும். அதனை வெறும் பருவ வருணனை எனக் கடந்துபோவோர் உளர். கூர்ந்து நோக்கின், அக்காதையின் நடுவே நிற்பது ஒரு கடிதம். கடற்கரையிலே கோவலன் ஊடிப் பிரிந்த பின், யாழும் பாட்டும் கைகொடாத நிலையில் மாதவி எழுதத் தொடங்குகின்றாள். தாழையின் வெண்தோடு அவளுக்கு ஏடு. பித்திகை அரும்பு எழுத்தாணி. செம்பஞ்சுக் குழம்பு மை. பருவமே எழுதுகருவியாக அமைந்த இடம் இது. முறைகேடாக ஆளும் இளவரசனென இளவேனிலையே அவள் அக்கடிதத்திற் குற்றஞ்சாட்டுகின்றாள்.

அதனைக் கொண்டு செல்பவள் வசந்தமாலை. வசந்தத்தைப் பெயரிலேயே தாங்கிய அத்தோழியின் கையிலிருந்து கோவலன் முடங்கலை வாங்க மறுக்கின்றான். மாதவியின் அன்பை ஆடல்மகளின் நடிப்பென இகழ்கின்றான். மாலையில் வாராவிடினும் காலையிற் காண்போம் என மாதவி தேறுகின்றாள். அக்காலை வருமுன்னரே கோவலன் கண்ணகியுடன் புகாரை நீங்கிவிடுகின்றான்.

புறஞ்சேரி இறுத்த காதையில் மாதவியின் இரண்டாவது ஓலையைக் கோசிகமாணி கொணர்கின்றான். இம்முறை கோவலன் வாசிக்கின்றான். அவள் குற்றமற்றவள் என உணர்கின்றான். அவ்வோலை தன் பெற்றோருக்கும் பொருந்துவதெனக் கண்டு அவர்களுக்கு அனுப்புகின்றான். ஆயினும் மதுரை அண்மிவிட்டது. வாசிக்கவேண்டிய வேளையில் வாசியாமையும் ஊழின் ஒரு கூறு என இளங்கோ உணர்த்துவதாகக் கொள்ளலாம். வாசிப்பு ஈண்டுத் தனிமனிதரின் ஓய்வுநேர இன்பமன்று. ஒருவர் மற்றொருவருக்குச் செவிகொடுக்கும் கடமை.

இதே கருத்தை எமது நாட்டு வழக்கும் வலியுறுத்துகின்றது. சித்திரைப் பூரணையிலே வட இலங்கைக் கோயில்களிற் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்த்தல் மரபு. ஒருவர் பாட, மற்றொருவர் பயன் சொல்ல, ஊர் இருந்து கேட்கும். நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் நிகழும். மதுரையை எரித்த கண்ணகி ஈழத்தில் தங்கிய பத்தாவது இடம் அதுவென்பது ஐதிகம். கண்ணகி கதையை மட்டக்களப்பார் 'கண்ணகி வழக்குரை'யாகவும் வன்னி மக்கள் 'சிலம்பு கூறலா'கவும் போற்றுவர். 'கூறல்' என்னும் சொல்லே கேட்போரை வேண்டி நிற்கின்றது. எழுத்தறியாதவரும் இவ்வாசிப்பிற் பங்காளர்.

எனினும், இம்மரபைப் பழம்பெருமையாக மட்டும் பேசுதல் பொறுப்பற்றதாகும். 2009 ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலேயே அதே நந்திக்கடலோரத்திற் போர் முடிவுற்றது. இலட்சக்கணக்கானோர் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் முகாம்களிலே முட்கம்பிகளுக்குள் அவ்வேனிலைக் கழித்தனர். பெயர்ந்து பெயர்ந்து ஓடிய வழியிலே ஏடுகளும் நூல்களும் கைவிடப்பட்டன. கதை கூறவல்ல முதியோர் பலர் மீளவில்லை. இன்று வைகாசி என்பது வன்னியிற் பொங்கலுக்கும் நினைவேந்தலுக்கும் ஒருங்கே உரிய மாதம். இவ்விரண்டையும் விலக்கிவிட்டு வசந்தத்தைப் பாடும் கவிதை, எத்துணை அழகியதாயினும், எமக்கு இரவல் ஆடையே.

ஆகவே, விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் மேற்கொள்ளத்தக்க இளவேனிற் பணிகள் சில உள. வேனிற்காதையை நால்வர் கூடி வாய்விட்டுப் படிக்கலாம். அதிற் பயிலும் மலர்களுள் எவை எம் காட்டில் உள்ளன, அவற்றை ஊரார் எப்பெயரால் அழைக்கின்றனர் எனக் குறிப்பேட்டில் எழுதலாம். தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் 1973 இல் வெளியிட்ட 'நிலக்கிளி'யைப் படித்து, அக்காட்டினை அறிந்த முதியவருடன் உரையாடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சிலம்பு கூறலை நினைவில் வைத்திருப்போர் அருகிருந்து கேட்டு, அவர் ஒப்புதலுடன் பதிவுசெய்து, எழுத்துப்படியை அவருக்கே படித்துக்காட்டித் திருத்தலாம்.

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, காலந்தான் வேண்டும். அது விரைந்து கழிகின்றது. எம் முதியோரின் நாவிலே வாசிக்கப்படாத முடங்கல்கள் இன்னும் உள. கோவலனைப் போல மதுரை அண்மிய பின் அவற்றைப் பிரிப்பதிற் பயனில்லை.