லைக் போட்டால் அணை உடையுமா?

‘உலகத்தை இணைக்கிறோம்’ என்கிறார்கள் ஃபேஸ்புக்காரர்கள். சந்தோஷம். பக்கத்து ஊரை இணைத்தார்களா? பரிசோதித்துப் பார்க்க வசதியான இடம் ஒன்று இருக்கிறது: கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதை.

தினமும் விடிகிற நேரத்தில் கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்து ஜீப்களில் நெருக்கியடித்துக்கொண்டு கூலியாட்கள் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாய்ந்ததும் திரும்புகிறார்கள். அங்கே விளையும் ஏலக்காய் போடிக்கு ஏலத்துக்கு வருகிறது. இங்கே விளையும் காய்கறி அங்கே குழம்பாகிறது. குமுளி டீக்கடையில் தமிழும் மலையாளமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. சமூக வலை என்றால் இதுதான் சார். பாஸ்வேர்டு கூட வேண்டாம்!

இந்த வலையின் முக்கியமான முடிச்சு முல்லைப் பெரியாறு. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்தது. அணை கேரளத்தில், தண்ணீர் நமக்கு. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் இதை நம்பி இருக்கிறது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2021 அக்டோபரில் கேரளத்தில் பேய்மழை. அணையைக் கைவிடச் சொல்லி ஒரு ஹேஷ்டேக் கிளம்பியது. நடிகர் பிருத்விராஜும் குரல் கொடுத்தார். நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? தேனியில் அவர் உருவபொம்மையை எரித்தார்கள். செல்போனில் பதில் மீம்கள் பறந்தன.

ஒன்றைக் கவனித்தீர்களா? மலையாளி மலையாளிக்கு எழுதினார், தமிழர் தமிழருக்கு எழுதினார். கைதட்டல் இரண்டு பக்கமும் பலமாகக் கேட்டது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை போகவில்லை. கடைசியில் முதல்வர் பினராயி விஜயனே சட்டசபையில், ‘ஆபத்து இல்லை, பீதி கிளப்பினால் நடவடிக்கை’ என்று சொல்ல வேண்டியதாயிற்று. 2024-ல் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு மறுபடியும் அதே பீதி, அதே பகிர்தல்.

அணைக்குக் கீழே வண்டிப்பெரியாரில் படுத்துத் தூங்குகிறவரின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. இன்றைக்கு நீர்மட்டம் எவ்வளவு, மதகை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஹேஷ்டேக்கில் அது இல்லை.

‘1979-ல் பீதி கிளம்பி 136 அடியாகக் குறைத்தார்களே, அப்போது ஏது ஃபேஸ்புக்?’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2011 டிசம்பரில் ஆயிரக்கணக்கானவர்கள் குமுளியை நோக்கி நடந்ததும், எல்லையில் போக்குவரத்து நின்றதும், தோட்ட வேலையை விட்டுவிட்டுத் தமிழர்கள் ஓடி வந்ததும் வலைத்தளத்தால் மட்டும் நடந்ததல்ல. ஆனால் பத்திரிகைக்கு ஓர் ஆசிரியர் உண்டு. சுவரொட்டியின் அடியில்கூடப் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். தப்பாகப் போட்டால் யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியும். ‘வந்ததை அனுப்பினேன்’ என்பவரை எப்படிப் பிடிப்பீர்கள்?

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் லாபம் யாருக்கு என்று கேட்கிற வியாதி உண்டு. 2021-ல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் வருமானம் சுமார் 11,800 கோடி டாலர். அதில் 97 சதவீதம் விளம்பரம். நீங்கள் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறீர்களோ அவ்வளவுக்கு அவர்களுக்குக் காசு. கோபம் வந்தவர் செல்போனைக் கீழே வைப்பதில்லை. வரவு கலிஃபோர்னியாவுக்கு. 2011 மாதிரி பாதை அடைபட்டால் செலவு ஜீப்பில் போகிற அம்மாவின் ஒரு நாள் கூலி.

வரவுப் பக்கத்தில் ஒன்றை எழுதாவிட்டால் கணக்கு நேர்மையாகாது. 2018 கேரள வெள்ளத்தில் இதே தளங்கள் உயிர்களைக் காப்பாற்றின. ‘இந்த வீட்டு மாடியில் இத்தனை பேர், இந்த நம்பர்’ என்று வந்த செய்தியைப் பார்த்துப் படகு போனது. அந்தச் செய்தியில் முகவரி இருந்தது. படித்தவருக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது.

எனவே வலைத்தளத்தை மூடச் சொல்லவில்லை. ஒரே ஒரு சோதனை. அடுத்த முறை அணையைப் பற்றி ஏதாவது வந்தால் பகிர்வதற்கு முன் யோசியுங்கள்: குமுளி டீக்கடையில், பக்கத்தில் டீ ஆற்றிக் குடிக்கிற மலையாளியின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வேனா? அவரும் நமக்காக அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சொல்ல முடியும் என்றால் தாராளமாக அனுப்புங்கள். முடியாதென்றால் டீயைக் குடியுங்கள், ஆறிவிடும்.