பாவாடை கட்டிய பெலே

பிரேசிலின் மார்த்தாவை இப்படித்தான் புகழ்ந்தார்கள். பெலே உலகக் கோப்பை வென்ற 1958, 1962, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அங்கே பெண்கள் கால்பந்து ஆட அரசாணைப்படி தடை. 1941இல் வந்தது, 1979வரை நீடித்தது. பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாதாம்! ஏழு உலகக் கோப்பைகளில் ஆடிய ஃபொர்மிகா பிறந்ததே அந்தத் தடைக்காலத்தில்தான். பெலேவுக்குப் பின்னால் வந்த பையன்களுக்குப் பார்த்துப் பழக ஆள் இருந்தது. மார்த்தாவுக்கு முன்னால் ஆடியிருக்க வேண்டிய பெண்களை மைதானத்துக்குள்ளேயே விடவில்லை. பிறகு எந்தத் தலைமுறையோடு அவரை ஒப்பிடுவது?

2007 இறுதியாட்டத்தில் அவர் உதைத்த பெனால்டியை ஜெர்மனியின் அங்கெரர் தடுத்தார், பிரேசில் தோற்றது. கோப்பை இல்லாதவர் எப்படி மகத்தானவர் என்பவர்களுக்கு அந்த ஒரு உதை போதும். 2019இல் 17ஆவது உலகக் கோப்பை கோலை அடித்து, ஆண்களில் முதலிடத்திலிருந்த குளோசேவையும் தாண்டியது அவர்கள் கணக்கில் வராது.

அதே தொடரில் பிரான்ஸிடம் தோற்ற இரவு, ஃபொர்மிகாவும் நானும் என்றைக்கும் இருக்கமாட்டோம், நீங்கள் இன்னும் ஆசைப்படுங்கள், இன்னும் உழையுங்கள் என்று கேமராவைப் பார்த்துச் சிறுமிகளிடம் சொன்னார். உலகமே உருகியது. எனக்குப் பாதிதான் ஒப்புதல். தன் பெருமையைக் காத்துக்கொள்ளாமல், அடுத்து யார் என்று பதறியது பெரிய மனசு. பெலேயா மாரடோனாவா என்ற ஓயாத சண்டையில் அந்தப் பதற்றத்தை நான் கண்டதில்லை. ஆனால், ஆசை இல்லாமலா பெண்கள் இத்தனை காலம் ஆடாமல் இருந்தார்கள்? அதைச் சிறுமிகளிடமா சொல்வது? இத்தனைக்கும், ஆண்களைவிடக் குறைந்த தொகைக்கு விளம்பர ஒப்பந்தம் வேண்டாமென்று, எந்த நிறுவனத்தின் பெயருமில்லாத கறுப்பு பூட்ஸில் பாலினச் சமத்துவச் சின்னத்தோடு அந்தத் தொடரில் ஆடியவர் அவர்.