காம்பு எங்கே போச்சு?

குரோஷா டிசைனைச் சின்னதாக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகாதீர்கள். ஐம்பது பர்சென்ட் குறைத்துத் தருவார். சின்னதாவது காகிதம்தான். அதில் 120 கட்டம் இருந்தால் 120-ம் அப்படியே இருக்கும். பின்னி முடித்தால் அதே பழைய மேஜைவிரிப்பு. கண்வலி உபரி.

இதைச் சொல்லக் காரணம் மேரி கார்ட். 1861-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். காது மந்தமாகிப்போனதால் நடத்திவந்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு குரோஷா டிசைனுக்கு வந்தார். 1940-ல் மறைந்தார். கட்டம் கட்டமாகப் பின்னும் 'ஃபிலே' வகையில் அவர் போட்டவை, கட்டங்கள் பளிச்சென்று தெரியும்படி 'ஜயண்ட் சார்ட்' என்று பெரிய தாளில் வந்தன. அடைத்த கட்டம், ஓட்டைக் கட்டம். இந்த இரண்டை வைத்துக்கொண்டு உள்ளூர்ப் பூவையும் பறவையையும் கொண்டுவந்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு முன்பே பிக்ஸல்!

இந்த மாதிரிப் படங்களை இப்போது சாஃப்ட்வேரில் போட்டுக் குறைக்கிறார்கள். சொன்னால் கோபம் வரும், பெரும்பாலும் கொடுமை. கணக்கைப் பாருங்கள். கட்டம் 5 மி.மீ. என்றால் 120 கட்டம் 60 செ.மீ. உங்களுக்கு வேண்டியது 20 செ.மீ., அதாவது 40 கட்டம். பழைய ஒன்பது கட்டத்துக்குப் புதிதாக ஒன்று. ஒன்பதில் ஐந்து அடைப்பு இருந்தால் அடை, இல்லாவிட்டால் விடு என்கிறது மெஷின். ஒற்றைக் கட்ட அகலத்தில் போகும் காம்பு ஒன்பதில் மூன்றுதான். காம்பு காலி. இலைக்குள் நரம்பாக விட்ட ஓட்டை வரிசையும் இதே கணக்கில் அடைபட்டுப் போகும். மிச்சம், அந்தரத்தில் மிதக்கும் போண்டா.

நூலை மெல்லிசாக்கலாமே என்பீர்கள். 10-ம் நம்பருக்குப் பதில் 60 (நம்பர் ஏற ஏற நூல் மெலியும்), அதற்கேற்ற ஊசி. டிசைன் இம்மியும் கெடாது. ஆனால் கட்டம் 3 மி.மீ.க்கு இறங்கினால்கூட 36 செ.மீ. வரும். 14,400 கட்டத்தையும் பின்னித்தான் ஆகணும்.

என் கட்சி, குறைக்காதீர்கள், வெட்டுங்கள். ஒரு பூ, இரண்டு இலை போதும். சுற்றிலும் நாலைந்து ஓட்டைக் கட்டம் விடுங்கள். கார்டின் படங்களுக்கு மூச்சு அந்த வெற்றிடம்தான். இல்லை, முழுசும் வேணும் என்று அடம்பிடித்தால் கிராஃப் பேப்பரில் புதிதாக வரையணும். காம்புக்கு ஒரு முழுக் கட்டம் கொடுங்கள் (விகிதம் தப்புதான், இருக்கட்டும்). ஐந்து இலையில் இரண்டை உதிர்த்துவிடுங்கள். தாளைச் சுவரில் ஒட்டி, ஹாலின் மறுகோடியிலிருந்து பாருங்கள். பூ என்று தெரிகிறதா? தெரியாவிட்டால் ரப்பர் எடுங்கள்.

பார்டரை மறுபடி எண்ணிக்கொள்ளவும். இல்லாவிட்டால் மூலையில் அரைப் பூ நிற்கும். 40 கட்டத்துக்கு ஆரம்பச் சங்கிலி 121, திரும்பும் சங்கிலி தனி.