யானை ஓட்டமும் எலி ஓட்டமும்

கண்டி மாநகரில் எசலைப் பெரஹரா நிகழும் நாள்களில் தலதா வீதி யானைகளுக்கே உரியதாகிவிடும். கசையடிப்போர் முன்செல்ல, தீவட்டி ஒளியின் நடுவே யானைகள் நிரை நிரையாக அசைந்து கடக்கும்வரை, பேராதனைக்குப் போகவேண்டிய பேருந்தும் மருந்து வாங்க வந்த முதியவரும் காத்துநிற்றலே முறை. இக்காட்சியிற் பழகியவர்க்குக் கணினி வலையமைப்பு அறிஞர் வழங்கும் இரு சொற்கள் எளிதிற் பொருள்படும். தரவு மையத்தினுள் பெருந்தொகைத் தரவைச் சுமந்து நெடிது செல்லும் ஓட்டத்தை அவர் யானை என்பர். ஒரு வினாவும் அதற்கொரு விடையும்போற் கணப்பொழுதில் முடிவதனை எலி என்பர். உவமை விளையாட்டாகத் தோன்றலாம். எனினும், இவ்விரண்டையும் ஒரே வீதியில் எங்ஙனம் விடுவது என்பதே இத்துறையின் பெருவழக்காகும்.

தரவு மையம் என்பது பல்லாயிரம் சேவையகங்களை அடுக்குகளில் நிறுத்தி, ஆளிகள் எனப்படும் சுவிச்சுகளால் இணைத்த மாளிகை. இன்று ஓர் இயந்திரம் ஓர் இயந்திரமாக மட்டும் இருப்பதில்லை. அதனுள் மெய்நிகர் இயந்திரங்கள் பல குடியிருக்கும். அவை குடிபெயரவும் வல்லன. ஓரடுக்கில் இருந்தது மற்றோர் அடுக்கிற்கு மாறும். ஆயின் முகவரி மாறலாகாது. இடத்தோடு முகவரியைப் பிணைத்த பழைய அமைப்பு இங்கே இடர்ப்படுகின்றது.

வழிகளைப் பெருக்குதல் பற்றிய சிந்தனை புதியதன்று. தொலைபேசி நிலையங்களுக்காக 1953இல் சாள்ஸ் குளோஸ் வகுத்த பன்னிலை அமைப்பே இன்றைய மையங்களுக்கும் மூலம். அதனைத் தழுவி 2008இல் அல் ஃபாரிஸ் முதலிய மூவர், 48 வாயில்களையுடைய எளிய ஆளிகளைக்கொண்டே 27,648 கணினிகளை இணைக்கலாம் எனக் காட்டினர். வழிகள் பலவாயின, ஆயின் எந்த ஓட்டம் எவ்வழிச் செல்வது? கண்டியிலிருந்து கெட்டம்பைக்குப் பேராதனை வீதியும் உண்டு. வில்லியம் கோபல்லாவ மாவத்தையும் உண்டு. வண்டியின் இலக்கத்தைப் பார்த்து ஒற்றையை ஒன்றிலும் இரட்டையை மற்றொன்றிலும் அனுப்பினால் எண்ணிக்கை சமமாகும், பாரம் சமமாகுமா? பாரவண்டிகள் யாவும் ஒற்றை இலக்கமுடையனவாய் வாய்த்தல் கூடும். முகவரி எண்களைக் கலந்து கணித்து வழி தெரியும் பொதுமுறையின் குறை இதுவே.

இதற்கு விடையாக எழுந்த ஆய்வுரைகள் இரண்டு சிறப்பாக நோக்கத்தக்கன. முதலாவது, அல்பேட் கிறீன்பேர்க் முதலிய மைக்குரோசொவ்ற்று ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட 'வி.எல்.2'. பெயரைக் குறிக்கும் முகவரி வேறு, இடத்தைக் குறிக்கும் முகவரி வேறு எனப் பிரித்து, இரண்டையும் இணைக்கும் பதிவேடு ஒன்றை இவ்வுரை வகுத்தது. குடிபெயர்ந்தவன் பெயர் மாறாது. பதிவேட்டில் இடம் மட்டுமே மாறும். போக்குவரத்திற்கோ, லெஸ்லி வாலியன்ட் 1980களில் எண்ணிய உபாயத்தைக் கைக்கொண்டது: ஒவ்வோர் ஓட்டத்தையும் எழுமாறாகத் தெரிந்த ஓர் இடைநிலை ஆளியிற் பட்டுச் செல்லவிடுதல். அளத்தலும் இல்லை, ஆராய்தலும் இல்லை. 75 சேவையகங்களிடையே 2.7 டெராபைட்டுத் தரவை 395 செக்கனில் இடம்மாற்றி, இயலக்கூடிய உச்சத்தின் 94 விழுக்காட்டை எய்தியதாக அவ்வுரை காட்டுகின்றது. பாராட்டத்தக்க பேறுதான்.

ஆயினும் அவ்வெற்றி எந்நிலத்தில் விளைந்தது என வினவுதல் வேண்டும். அவர்கள் ஆராய்ந்த மையத்திற் கோப்புகள் ஏறத்தாழ 100 மெகாபைட்டுத் துண்டுகளாகவே வைக்கப்பட்டிருந்தன. யானை அங்கே முன்னரே கன்றுகளாக்கப்பட்டிருந்தது. கன்றுகளை எழுமாறாக விடுதல் எளிது. இதனை ஆசிரியர்கள் மறைத்தாரல்லர். அவர்களைப் பின்பற்றியோரே அந்நிபந்தனையை மறந்து, எழுமாற்று முறையை எங்கும் பொருந்தும் மருந்தெனக் கொண்டனர்.

இரண்டாவது, 2010இல் வெளிவந்த 'ஹெடெரா'. படர்கொடி ஒன்றின் பெயர் இது. ஓர் ஓட்டம் தன் கணினியின் இணைப்பளவிற் பத்திலொரு பங்கை மீறினால் அது யானை எனக் கண்டு, நடுவே அமர்ந்த ஓர் ஒழுங்காளர் அதற்குத் தக்க வழியை வகுப்பார். 8,192 கணினிகள் கொண்ட பாவனை ஒன்றில், இயலக்கூடியதன் 96 விழுக்காட்டை எய்தியதாக அவ்வுரை கூறும். கருத்து அழகியது, ஆனால் ஒழுங்காளர் ஐந்து செக்கனுக்கு ஒருமுறையே கண்விழிப்பவர். முன்னைய உரையின் 100 மெகாபைட்டுத் துண்டு, செக்கனுக்கு 1 கிகாபிற்று இணைப்பில் 0.8 செக்கனிற் கடந்துவிடும். பெரஹரா வீட்டுக்குத் திரும்பியபின் வீதிக்கு வரும் பொலிசாரை ஒத்தது இது.

இவ்விரு உரைகளுக்கும் பொதுவான குறையொன்று உண்டு. மொத்தக் கொள்ளளவே இரண்டிலும் தலையாய உரைகல். அவ்வுரைகல்லில் யானைதான் மின்னும். பல்கலைக்கழக மையங்களையும் உள்ளடக்கிய 10 தரவு மையங்களை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த உரையொன்று, ஓட்டங்களிற் பெரும்பாலானவை 10 கிலோபைட்டுக்கும் குறைந்தவை எனக் கண்டது. எண்ணிக்கையில் எலிகளே மிகுதி. பாரத்தில் யானைகளே மிகுதி. விழுக்காடு 94 ஆயினும் 96 ஆயினும், யானையின் பின்னே ஆளியின் வரிசையில் நின்ற எலி எத்துணைப் பொழுது காத்தது என்பதனை அவ்வெண் சொல்லாது. அவ்வினாவை முன்னிறுத்தியது அதே 2010இல் அலிசாதே முதலியோர் எழுதிய உரை. வரிசை நீளாதவாறு அனுப்புவோரே முன்கூட்டித் தணிந்துகொள்ளும் முறையை அது வகுத்தது. அவரும் பிறரும் 2014இல் வெளியிட்ட 'கொங்கா'வோ, ஓர் ஓட்டத்தை இடைவெளி கண்ட இடத்திற் பிரித்துப் பிரித்து வேறு வழிகளில் விடுகின்றது. நெரிசல் பற்றிய செய்தியை, மெய்நிகர் வலையமைப்புகள் பொதிகளுக்கு இடும் மேலுறையிலேயே எழுதி அனுப்புகின்றது. முடிவுறும் நேரமே அதன் உரைகல். முன்னைய இரண்டினும் இது ஒருபடி உயர்ந்தது எனல் தகும். யானையை எங்கே நடத்துவது என்ற வினா, எலி எப்போது வீடு சேரும் என்ற வினாவாக மாறியமையே இதன் சிறப்பு.

இத்துணையும் அகத்திணை, மாளிகைச் சுவருக்குப் புறத்தே இவ்வுரைகள் வருவதில்லை. 'போக்குவரத்து' என்னுந் தமிழ்ச்சொல் போதலையும் வருதலையும் ஒருங்கே சுட்டுவது. 2020 மார்ச்சிற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, அவற்றை இணைக்கும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியே விரிவுரைகள் வீடுகளுக்குச் சென்றன. பல்கலைக்கழகச் சேவையகங்களைக் கட்டணமின்றி அணுகத் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இசைந்தன. ஆயினும் மலையகத்தில் அலைவரிசை தேடிக் குன்றேறிய மாணவரும் உளர். கலஹாவிலோ தெல்தோட்டையிலோ ஒரு தோட்டத்து லயத்தில் இருந்து, விடைத்தாளைப் படமெடுத்துப் பேராதனைக்கு அனுப்பும் மாணவி ஒருத்தியைக் கருதுக. படம் 5 மெகாபைட்டு என்க. மையத்தினுள், 1 கிகாபிற்று இணைப்பில் அது 0.04 செக்கனில் முடியும் எலி. அவள் கைபேசி செக்கனுக்கு அரை மெகாபிற்றே அனுப்ப வல்லதாயின் அதுவே 80 செக்கன் நடக்கும் யானை. இடையில் இணைப்பு அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து நடக்கவேண்டிய யானை. சேவையகத்திற்கும் சேவையகத்திற்கும் இடைப்பட்ட நேரத்தை நுணுகி அளந்த கொங்காவின் வரைபுகளில், அந்த 80 செக்கனுக்கு இடமில்லை.