வளர்த்து அனுப்புகிறவர்கள்

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருவண்ணாமலை. அங்கே விரூபாட்சி குகையில் ரமணர் இருந்த காலத்தில் (1899–1916), தலைவன் குரங்கு கடித்துக் குதறிய குட்டி ஒன்று நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தது. நொண்டி என்றே பெயரானது. கவனித்துத் தேற்றினார். சில நாளில் கூட்டம் தேடி வந்து அழைத்துப்போனது, அவர் தடுக்கவில்லை. பின்னாளில் நொண்டியே கூட்டத்துக்குத் தலைவனானதாம்.

இன்று தாயில்லாக் குட்டிகளை வீட்டில் இப்படித் தேற்றி அனுப்புகிறவர்களின் கைப்பக்குவம் என்னை மயக்குகிறது. கண் திறக்காத பூனைக்குட்டிக்குப் பசும்பால் ஆகாது, வயிறு போய்விடும். அதற்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்து, இரண்டு மூன்று மணிக்கொருதரம், மல்லாத்தாமல் குப்புறப் பிடித்துப் புகட்ட வேண்டும். தானாக மூத்திரம் போகவும் அதற்குத் தெரியாது. தாய் நக்கிவிடுகிற இடத்தில் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் வருடிவிட வேண்டும். நடுராத்திரியில் எழுந்து இத்தனையும் செய்துவிட்டுக் காலையில் வேலைக்கும் போகிறார்கள்!

பூனையோ நாயோ, தேறிய குட்டிக்கு வீடு பார்ப்பதுதான் பெரும்பாடு. பெட்டை நாய்க்குட்டி என்றால் கேட்க ஆளில்லை. நம் ஊர்களின் அசிங்கம் இது. கேட்டு வருகிறவரிடமோ பெண் கொடுக்கிற வீடுமாதிரி விசாரணை. மொட்டைமாடியில் கட்டிப்போடுவீர்களா? வெறிநாய்த் தடுப்பூசி? கருத்தடை? பதில் பிடிக்காவிட்டால் குட்டி இன்னும் ஒரு மாதம் இங்கேயேதான்.