பங்க் ஓய்ந்தபின் எழுந்த இசையும் நம்ம உறுமியும்

கிடர்பூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் ஹெட்போனில் கேட்பதையெல்லாம் "வெறும் இரைச்சல்" என்று தள்ளிவிடுகிறோம். அந்த இரைச்சலில் ஒரு வகைக்குப் போஸ்ட்-பங்க் என்று பெயர். பங்குக்குப் பின் வந்தது, அவ்வளவுதானே என்பார்கள். காலக்கணக்குக்கு அது சரி. 1978 ஜனவரியில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு உடைந்தது. அதன் பாடகர் ஜான் லைடன் அதே ஆண்டில் பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவைத் தொடங்கினார். ஆனால் பின்னால் வந்ததெல்லாம் போஸ்ட்-பங்க் ஆகிவிடாது.

என்னைக் கேட்டால், அதன் அடையாளம் பேஸ் கிதாரில் இருக்கிறது. பங்கில் மின்கிதார் சுவர் மாதிரி நிற்கும். இங்கே அது கீறல் கீறலாக ஒதுங்கிக்கொள்ள, பேஸும் டிரம்ஸும் முன்னால் வந்து பாட்டை நடத்துகின்றன. இடையிடையே வெற்றிடம். இந்த வித்தையில் பெரும்பங்கு, இங்கிலாந்தில் குடியேறிய ஜமைக்கா மக்களின் ரெகே, டப் இசையிலிருந்து வந்தது.

சான்றுக்கு 1979 ஒன்றே போதும். மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் தந்த 'அன்னோன் பிளெஷர்ஸ்', லீட்ஸ் நகரத்துக் கேங் ஆஃப் ஃபோரின் 'என்டர்டெயின்மென்ட்!', பெண்கள் குழுவான ஸ்லிட்ஸின் 'கட்' எல்லாம் அந்த ஆண்டுதான். 'கட்' ஆல்பத்தைத் தயாரித்தவர் பார்படாஸில் பிறந்த டெனிஸ் போவெல். லைடன் குழுவின் 'மெட்டல் பாக்ஸ்' வட்டத் தகர டப்பாவுக்குள் மூன்று இசைத்தட்டுகளாக வந்தது. ஜாய் டிவிஷனைத்தான் உலகம் கொண்டாடுகிறது. நான் முதலில் வைப்பது 'மெட்டல் பாக்ஸ்'. ஜா வாபிளின் பேஸ் காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் விழும்.

அதே 1977–79இல் நம் கல்கத்தாவிலும் கௌதம் சட்டோபாத்யாயின் மொஹீனேர் கோராகுலி குழு மூன்று தட்டுகள் வெளியிட்டது. அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க ஆசைதான். ஆனால் அதன் வேர் பாவுல் பாட்டிலும் ஜாஸிலும் இருக்கிறது. சேர்த்தால் இரண்டுக்கும் அநியாயம்.

வாரிசை வேறிடத்தில் தேட வேண்டும். லண்டனில் பிறந்து, இலங்கையில் வளர்ந்து, 1986இல் லண்டன் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2005இல் தந்தையின் இயக்கப்பெயரான 'அருளர்' என்றும், 2007இல் தாயின் பெயரான 'கலா' என்றும் ஆல்பங்கள் தந்தார். 'கலா'வில் வரும் 'பேப்பர் பிளேன்ஸ்' 1982ஆம் ஆண்டின் கிளாஷ் பாட்டு ஒன்றின் மேல் கட்டப்பட்டது. 'பாம்பூ பாங்கா'விலோ இளையராஜாவின் 'தளபதி' இசை ஒலிக்கிறது. ஆனால் எனக்கு முக்கியம் 'பாய்ஸ்', 'பேர்ட் ஃப்ளூ' இரண்டும். அவற்றில் ஜமைக்கா பேஸின் இடத்தை உறுமி எடுத்துக்கொள்கிறது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல், கோயில் கொடையிலும் சாவு ஊர்வலத்திலும் நம் முன்னோர் கேட்டதுதான்.

வீணைக்கும் மிருதங்கத்துக்கும் மேடை போடும் நாம், உறுமியைத் தெருவிலேயே நிறுத்தி வைத்தோம். காரணம் ஓசை அல்ல, சாதி. லண்டன் ஸ்டூடியோக்காரர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அடுத்த முறை பிள்ளையிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுமுன், 'பேர்ட் ஃப்ளூ'வை ஒருதரம் போடச் சொல்லிக் கேளுங்கள், நல்ல ஸ்பீக்கரில்.