மலையூர்க்காரன் கும்பிட்டால் மட்டும் மூடநம்பிக்கையா?

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இலக்கியப் பத்திரிகையில விமர்சனமா என்று முகம் சுளிக்கிறவர்கள் இருப்பார்கள். இருக்கட்டும். யார் சாமி, யார் பேய், யாரைக் கொன்றால் பாவமில்லை என்பதையெல்லாம் கதைகள்தான் நமக்குப் பழக்கிவிட்டிருக்கின்றன. நம் தெருப் பிள்ளைகள் நாவல் படிக்கிற நேரத்தைவிட இந்த விளையாட்டுக் கதைகளுக்குள் கிடக்கிற நேரம் அதிகம். அப்புறம் விமர்சகன் மட்டும் ஏன் வாசல்லயே நிக்கணும்?

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' என்ற பிரதியைப் பற்றித்தான் பேசுகிறேன். டேவிட் கெய்டர் தலைமையில் எழுதப்பட்ட கதை. தீடஸ் என்ற கற்பனை உலகத்தில் நடக்கிறது. அங்கே பெரிய மதம் ஒன்று. அதன் சபைக்குப் பெயர் சாண்ட்ரி. டெவின்டர் பேரரசை எதிர்த்துப் படை நடத்தி, தீயில் ஏற்றிக் கொல்லப்பட்ட ஆண்ட்ராஸ்டே என்ற பெண்தான் அதன் தீர்க்கதரிசி. அவளுடைய சாம்பல் எந்த நோயையும் தீர்க்கும் என்பது நம்பிக்கை. சாகக் கிடக்கிற ஒரு பிரபுவைக் காப்பாற்ற அந்தச் சாம்பலைத் தேடிப் போகிறோம். போய்ச் சேருகிற இடம் ஹேவன், மலைக்குள் ஒளிந்திருக்கிற ஓர் ஊர்.

ஊர்க்காரர்கள் வேறு யாருமில்லை. அந்தச் சாம்பலைத் தூக்கிவந்து காத்த சீடர்களின் வாரிசுகள். பல தலைமுறை கடந்து, ஆண்ட்ராஸ்டே டிராகனாக மறுபடி பிறந்துவிட்டாள் என்று நம்பத் தொடங்கி, மலையுச்சியில் இருக்கும் பெண் டிராகனைக் கும்பிடுகிறார்கள். வெளியாள் வந்தால் கொல்கிறார்கள். அங்குள்ள கடையின் பின்னறையில் சாம்பலைத் தேடிவந்த வீரன் ஒருவனின் பிணம் கிடக்கிறது. குட்டு உடைந்ததும் ஊரே ஆயுதத்தோடு வருகிறது. நாமும் வெட்டிச் சாய்த்துவிட்டு மேலே போகிறோம்.

இங்கேதான் என் கேள்வி. எரிந்த பெண்ணின் சாம்பலைக் கும்பிட்டால் மதம். அதே பெண் டிராகனாக வந்தாள் என்று கும்பிட்டால் ரகசியக் கூட்டம். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவைதானே? எம்.ஏ. தமிழில் பெருந்தெய்வம், சிறுதெய்வம் என்று பிரித்து எழுதி மார்க் வாங்கினவன் நான். அந்தப் 'பெரு'வும் 'சிறு'வும் கும்பிடுறவனோட நிலத்தை அளந்து வச்ச பேரு.

அதற்காக ஹேவனை ஒடுக்கப்பட்டவர்களின் ஊர் என்று நான் கொண்டாட மாட்டேன். அங்கேயும் அதிகாரம் தலைவன் கோல்கிரிம் கையிலும் பூசாரி எய்ரிக் கையிலும்தான். டிராகன் ரத்தத்தைச் சாம்பலில் ஊற்றிக் கெடுத்தால் புதிய போர்ச்சக்தி தருகிறேன் என்கிறான் கோல்கிரிம். அவனோடு பேரம் பேசலாம். சாதாரணச் சனம் பயந்து கும்பிடுதா, பாசத்துல கும்பிடுதா? பிரதி அதைக் கேட்கவே இல்லை. தலைவனுக்கு வசனம் உண்டு, சனத்துக்கு வெட்டுதான்.

ஒளிந்துகொள்ள முடிவதுகூட எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இதே விளையாட்டில் ஓர்ஸாமர் என்ற நிலத்தடி நகரம் வருகிறது, குள்ளர்களுடையது. சாதி அங்கே பச்சையாகவே இருக்கிறது. பிரபு, போர்வீரன், கொல்லன், வணிகன், கைவினைஞன், சுரங்கக்காரன், பணியாள் என்று பிறப்பால் அடுக்கு. எல்லாருக்கும் கீழே சாதியற்றவர்கள். முகத்தில் பச்சை குத்தி, 'தூசி நகரம்' என்ற சேரியில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சாதியற்ற ஓர் ஆள் இன்னொருவன் கவசத்தை மாட்டிக்கொண்டு போட்டியில் இறங்கி ஜெயிக்கிற காட்சி வருகிறது. யாரென்று தெரிந்ததும் சிறை. ஏகலைவனைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். டெனரிம் நகரத்தில் எல்ஃப் இனத்தாருக்குச் சுவர் வைத்த தனிக் குடியிருப்பு. கல்யாண நாளிலேயே பிரபுவின் மகன் பெண்களைத் தூக்கிப்போகிறான். இந்தப் பகுதிகளை எழுதியவர்கள் வலி தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். அதை மறுக்கவில்லை.

நான் மறுப்பது வேறு. சாதியற்ற குள்ளனாகவோ எல்ஃப் பெண்ணாகவோ கதையைத் தொடங்கலாம். அதே பச்சை குத்திய முகத்தோடு ஹேவனுக்குப் போகலாம். ஆனால் பிரபு வீட்டுப் பிள்ளையாகப் போனாலும் அங்கே அதே வெட்டு, அதே சாம்பல். துவக்கத்தில் அவ்வளவு கனமாக இருந்த சாதி, மலை ஏறும்போது எங்கேயோ கழன்று விழுந்துவிடுகிறது. ஒதுக்கப்பட்டவன் இன்னொரு ஒதுங்கின ஊரைப் பார்த்தால் அவனுக்குள் ஒன்றுமே ஓடாதா?

சாண்ட்ரியின் யோக்கியதையையும் பார்ப்போம். ஆண்ட்ராஸ்டேயோடு சேர்ந்து போராடினவன் ஷார்டன், எல்ஃப் அடிமைகளின் தலைவன். அவனைப் பற்றிய பகுதி வேதத்தில் இருந்தது. எல்ஃபுகளின் நாடான டேல்ஸ் மீது புனிதப்போர் நடத்தியபின் சபை அதை வேதத்திலிருந்தே நீக்கிவிட்டது. மலையூர்க்காரன் ஒளித்தது ஒரு பிடி சாம்பல். சபை ஒளித்தது ஒரு அடிமைத் தலைவனை. இதில் எது பெரிய ரகசியம்?

அந்த ஷார்டனின் ஆவி ஹேவன் கோயிலுக்குள்தான் நிற்கிறது. சாம்பலுக்குப் போகிற வழியில் விடுகதை போடுகிற ஆவிகளில் அவனும் ஒருவன். அவன் விடுகதைக்கு விடை: வீடு. வேதத்தில் இடமில்லாதவனுக்கு மலைக்குள் ஒளிந்த கோயிலில் இடம் இருந்திருக்கிறது. இந்தப் பிரதியின் ஆகச்சிறந்த இடம் இதுதான் என்பேன். அதை நாலு வரியில் கடந்துபோக விட்டதுதான் குறை.

2014-இல் வந்த 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' ஹேவனில்தான் தொடங்குகிறது. இப்போது அது சாண்ட்ரியின் யாத்திரைத் தலம். பழைய ஊர்ச்சனம் என்ன ஆனார்கள் என்று கதை தேடிப்போகவில்லை. வெட்டின இடத்திலேயே கோயில் வரி, பூசை, கூட்டம் என்பதெல்லாம் கற்பனை உலகத்துக்கு மட்டும் உரியது என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

பிள்ளைகளை விளையாடாதே என்று நான் சொல்லப்போவதில்லை. நல்லா விளையாடட்டும். ஷார்டனுக்கு முன்னால நின்னு 'வீடு'ன்னு விடை சொல்லும்போது, யாரோட வீடுன்னு ஒரு தடவ கேட்டுட்டு மேல போகட்டும்.